ஐயோ கேட்குமா இந்த ரேடியோவில்?

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்: 5,800 ரூபாய். கடைக்காரத் தம்பி 7,500 என்றுதான் ஆரம்பித்தான். சென்னை பர்மா பஜாரில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தால் எங்கள் கொருக்குப்பேட்டையில் தலைகாட்ட முடியாது என்பதால், கடற்கரை ஸ்டேஷனில் மூன்று ரயில் போகும்வரை நின்று பேசினேன். கையடக்க ஷார்ட்வேவ் ரேடியோ. 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இடைவெளி விடாமல் பிடிக்கும். எஸ்.எஸ்.பி. என்கிற, ஹாம் ரேடியோக்காரர்கள் பேசுகிற முறையும் உண்டு. வெளி ஆன்டெனா சொருக ஓட்டை உண்டு. கம்பெனி பேர் எழுதவில்லை. அதே ரேடியோ பக்கத்துக் கடையில் வேறு ஸ்டிக்கரோடு உட்கார்ந்திருந்தது, அடுத்த மாசம் மூன்றாவது ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். கறுப்பு உடம்பு, ஆரஞ்சு டயல் விளக்கு, பின்பக்கம் லொடலொட என்று ஆடுகிற பேட்டரி மூடி. அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். 31 வருஷமாகிறது. கிரைண்டர் மோட்டாரில் இருந்து போர்வெல் சப்மெர்சிபிள் வரை எரிந்துபோனது எல்லாம் என் மேசைக்கு வரும். ஷார்ட்வேவ் எனக்குப் புதிதில்லை. எங்கள் அப்பா ஹார்பரில் வேலை முடித்து வந்து, சட்டையைக் கழற்றும் முன்னால் இலங்கை வானொலியைப் போடுவார். அந்த ஞாபகத்தில் பாட்டுக் கேட்க யாராவது இந்த ரேடியோவை வாங்குவதாக இருந்தால், வேண்டாம். இன்றைக்கு ஷார்ட்வேவில் பாதி சீனம், மீதி இரைச்சல். நான் வாங்கியது அந்த இரைச்சலுக்காக. அதிலும் ஒரே ஒரு இரைச்சலுக்காக.

வீட்டில் இப்படித்தான் சொன்னேன்:

“இத்த வெச்சி இன்னா கேக்கப் போறீங்க?”

“ஐயோ.”

“இப்ப இன்னா ஆச்சி?”

“ஒண்ணும் ஆவல. அதும் பேரே ஐயோதான். வியாழனோட நிலா.”

“குரு பகவானுக்கு நிலாலாம் கீதா?”

“நெறய கீது. பெருசு நாலு. அதுல கிட்ட சுத்துறது இது.”

“பேரு வெச்சவன் சரியாத்தான் வெச்சிகிறான்” என்று ரேடியோ பில்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நிலா சத்தம் போடுமா என்று கேட்பீர்கள். 1955இல் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து வயல்வெளியில் கம்பி கம்பியாக ஆன்டெனா கட்டி, பெர்னார்ட் பர்க், கென்னத் ஃபிராங்க்ளின் என்று இரண்டு பேர் 22.2 மெகாஹெர்ட்ஸில் வானத்தை அளந்துகொண்டிருந்தார்கள். நடுவே நடுவே ஒரு கரகரப்பு வந்தது. யாரோ பண்ணையாள் ராத்திரி வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான், அந்த இக்னிஷன் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். ஆனால் அது தினமும் நாலு நிமிஷம் முன்னாடியே வர ஆரம்பித்தது. நட்சத்திரங்கள் அப்படித்தான் நாலு நாலு நிமிஷமாக முந்தி உதிக்கும். பண்ணையாள் அந்தக் கணக்கில் வீடு திரும்ப மாட்டான். தேடிப் பார்த்தால் அந்தத் திசையில் வியாழன் நின்றிருந்தது.

1964இல் ஆஸ்திரேலியாவில் பிக் என்று ஒரு விஞ்ஞானி அந்த இரைச்சல் பதிவுகளை எடுத்து அலசினார். அது எப்போது வேண்டுமானாலும் வருவதில்லை, ஐயோ தன் பாதையில் குறிப்பிட்ட இரண்டு இடங்களுக்கு வரும்போது கொட்டுகிறது என்று கண்டுபிடித்தார். கிரகம் கத்துகிறது, சுவிட்ச் நிலா கையில் இருக்கிறது. இதை என் மகள் சொன்ன அன்றைக்கு நான் ஒரு அரை எச்.பி. மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். கையில் இருந்த கட்டிங் பிளேயரைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் இது என் தொழில்.

காந்தப் புலத்துக்குள் ஒரு கம்பி குறுக்கே ஓடினால் வோல்டேஜ் பிறக்கும். ஐ.டி.ஐ. பையனுக்கும் தெரியும். வியாழன் நம் பூமியைப் போல ஆயிரத்துக்கு மேல் கொள்ளும் உருவம். ஆனால் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்ற 9 மணி 55 நிமிஷம்தான் எடுக்கிறது. அதன் காந்தப் புலமும் கூடவே சுழல்கிறது, அதில் ஒட்டிக்கொண்ட மின்னேற்றத் துகள்களையும் இழுத்துக்கொண்டு. ஐயோ இருக்கிற தூரத்தில், அதாவது வியாழனின் நடுவிலிருந்து சுமார் 4 லட்சத்து 22 ஆயிரம் கிலோமீட்டரில், அந்தச் சுழற்சியின் வேகம் நொடிக்கு 74 கிலோமீட்டர். ஐயோ நடப்பதோ நொடிக்கு 17. பின்னாலிருந்து காந்தப் புலம் வந்து 57 கிலோமீட்டர் வேகத்தில் அதை முந்திக்கொண்டே போகிறது. மோட்டாரில் ரோட்டார் சுற்றும், ஸ்டேட்டர் நிற்கும். இங்கே நிற்கிற பாவம் ஐயோவுக்கு.

கணக்கை கடை பில் புக்கின் பின்பக்கத்திலேயே போட்டேன். வேகம் நொடிக்கு 57,000 மீட்டர். காந்தப் புலம் அந்த இடத்தில் 0.02 காஸ் (காந்தத்தை அளக்கிற அலகு), நம் சென்னையில் இருப்பது 0.4, அதில் இருபதில் ஒரு பங்கு, ஒரு ஃபிரிட்ஜ் மேக்னட் சிரிக்கும். ஆனால் “கம்பி”யின் நீளம் ஐயோவின் குறுக்களவு, 3,640 கிலோமீட்டர். அலகுகளைச் சரிப்படுத்தி மூன்றையும் பெருக்கினால் நாலு லட்சம் வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. 1979 மார்ச்சில் வாயேஜர் 1 விண்கலம் அந்த நிலாவுக்குக் கீழே புகுந்து போனபோது காந்தப் புலம் வளைந்திருந்ததை வைத்து கரண்டைக் கணக்கிட்டார்கள்: சில மில்லியன் ஆம்பியர். கரண்ட் அளக்கிற நம் டாங் டெஸ்டர் ஆயிரம் ஆம்பியரில் முட்டி நின்றுவிடும். இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய பத்து லட்சம் மெகாவாட். அத்திப்பட்டில் இருக்கிற நம் வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களின் திறன் 1,830 மெகாவாட். அது மாதிரி ஐந்நூற்றுச் சொச்சம் நிலையங்களை ஒரு நிலா சும்மா நின்றபடி ஓட்டுகிறது.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். கம்பி என்றால் அந்த நிலாவின் பாறை என்று நினைத்துக்கொண்டேன். மகள் பி.எஸ்ஸி. பிசிக்ஸ், மூன்றாம் வருஷம். “நைனா, மேலே கந்தக டை ஆக்சைடு பனி மூடின பாறை, கரண்ட் அவ்ளோ லேசுல போவாது. காத்துதான் கம்பி” என்றாள். ஐயோவில் எரிமலைகள் நானூறு சுமாருக்கு உண்டு. அது கக்குகிற கந்தக டை ஆக்சைடும், தரையில் படிந்த அதே பனி வெயிலில் ஆவியாவதும் சேர்ந்து ஒரு காற்று மண்டலம். மண்டலம் என்று சொல்வதே மரியாதைக்குத்தான்; நம் காற்றழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு என்கிற கணக்கில் இருக்கிறது. அந்தக் காற்றின் மேல் வெயில் படுகிறது, காந்த மண்டலத்தில் பாய்ந்து வருகிற எலக்ட்ரான் மோதுகிறது. மூலக்கூறுகள் உடைந்து மின்னேறி, அந்த மெல்லிய காற்று கரண்ட் ஓடுகிற பாதையாகிவிடுகிறது.

அப்புறம் நடப்பதை என் பாஷையில் சொன்னால் கார்பன் பிரஷ், அதாவது மோட்டாரில் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்க உரசிக்கொண்டிருக்கிற கரித்துண்டு. பழைய யுனிவர்சல் மோட்டாரைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், கம்யூட்டேட்டர் மேல் உரசி உரசி கார்பன் தேய்ந்து, அந்தக் கறுப்புத் தூள் உள்ளே முழுக்கப் படிந்திருக்கும். ஐயோவின் காற்றும் அப்படித்தான் தேய்கிறது. நொடிக்கு சுமார் ஒரு டன். ஓவர்லோடு ஏற்றின ஒரு குட்டியானை லோடு வண்டி, நொடிக்கு ஒன்று, இப்போது நீங்கள் படிக்கிற இந்த வரிக்குள் நாலைந்து போயிருக்கும். அப்படிப் பிய்ந்து போன கந்தகமும் ஆக்சிஜனும் மின்னேறி, ஐயோவின் பாதை நெடுக வியாழனைச் சுற்றி உளுந்து வடை மாதிரி ஒரு வளையமாகக் கிடக்கின்றன. வளையம் வியாழனோடு சுழன்று திரும்பவும் வந்து ஐயோவின் மேல் மோதுகிறது. மோதினால் இன்னும் கொஞ்சம் காற்று பிய்கிறது. தன் காற்றாலேயே அடிவாங்குகிற நிலா. எரிமலை மட்டும் நின்றுபோனால் இந்த மோட்டாரில் பிரஷ் தீர்ந்தது என்று அர்த்தம். அது நிற்காமல் இருப்பதற்கும் வியாழன்தான் காரணம்: பக்கத்து நிலாக்கள் ஐயோவின் பாதையை வட்டமாக விடாமல் இழுத்து வைக்க, வியாழன் அதைப் பிசைந்து பிசைந்து சூடாக்குகிறது. வாயேஜர் போய்ச் சேர்வதற்கு மூன்று நாள் முன்னால் இப்படித்தான் இருக்கும் என்று மூன்று விஞ்ஞானிகளின் கட்டுரை அச்சில் வந்துவிட்டது. அதே வாரத்தில் எரிமலைப் புகை படத்தில் சிக்கியது.

இன்னொன்று. ஐயோ ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலுக்குள் இரண்டு மணி நேரம் போல நுழைந்து வரும். தரை மைனஸ் 148 டிகிரியில் இருந்து மைனஸ் 168க்கு இறங்கும். அவ்வளவுதான், கந்தக டை ஆக்சைடு பனியாகித் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. காற்றின் அளவு ஐந்தில் ஒன்றாகிவிடுவதை ஹவாய் தீவில் இருக்கிற ஜெமினி தொலைநோக்கியில் பார்த்து 2016இல் எழுதினார்கள். வெயில் வந்ததும் மறுபடி எழும். நிழலுக்குள் போகும்போதெல்லாம் வானமே இடிந்து விழுகிற ஊர்.

சோடியமும் கொஞ்சம் உண்டு. நம் தெருவில் எல்.இ.டி. வருமுன் இருந்ததே மஞ்சள் விளக்கு, சோடியம் வேப்பர், அதே மஞ்சள்தான் 1970களின் தொடக்கத்தில் ஐயோவைச் சுற்றித் தெரிந்தது. அளவில் சொற்பம், ஆனாலும் வெயிலைப் பிடித்துப் பளிச்சென்று திருப்பிக் கொடுக்கும். அந்த மேகம் வியாழனின் ஆரத்தைப் போலப் பல நூறு மடங்கு தூரம் பரவிக் கிடக்கிறது. மகளுக்கு இதைவிட சனியின் நிலா டைட்டன்தான் பிடிக்கும், அங்கே நம்மைவிடக் கனமான நைட்ரஜன் காற்று இருக்கிறது என்பாள். இருக்கட்டும். 5,800 ரூபாய் ரேடியோவில் டைட்டன் கேட்காது.

சரி, நாலு லட்சம் வோல்ட் நமக்கு எப்படிச் சத்தமாக வருகிறது? இதிலும் என்னைத் திருத்தினாள். நான் ஐயோவிலிருந்து வியாழனுக்குப் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் என்று நினைத்தேன். 1969இல் பெரிய ஆட்களே அப்படித்தான் சர்க்யூட் வரைந்தார்களாம். நடுவில் அந்த வடை வளையம் கனமாகக் கிடப்பதால் கரண்ட் போய்த் திரும்பி வருவதற்குள் ஐயோ வேறு காந்தக் கோட்டுக்கு மாறிவிடுகிறது. ஆகவே கொடிக்கயிற்றை ஒரு முனையில் உதறினால் அலை ஓடுமே, அப்படி காந்தக் கோடு வழியாக ஒரு உதறல் போகிறது. அதில் எலக்ட்ரான்கள் வியாழனின் துருவத்தை நோக்கிப் பாய்கின்றன. பாய்ந்து விழுகிற இடத்தில் ஒரு ஒளிப்பொட்டு, ஹப்பிள் தொலைநோக்கி படமே எடுத்திருக்கிறது. அந்த எலக்ட்ரான்கள் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழன்று ரேடியோ அலையை விடுகின்றன. எவ்வளவு காந்தமோ அவ்வளவு மெகாஹெர்ட்ஸ்: ஒரு காஸுக்கு 2.8. நான் டயலை 20.1இல் வைத்தால், வியாழனுக்கு மேலே எங்கே 7 காஸ் சொச்சம் இருக்கிறதோ அந்த உயரத்தைக் கேட்கிறேன். பர்மா பஜார் ரேடியோவின் டயல், 63 கோடி கிலோமீட்டர் தாண்டி ஒரு காஸ் மீட்டர். இதற்காகவே கொடுக்கலாம் 5,800.

இப்போது ரேடியோ.

முதல் வாரம் மொட்டை மாடியில். 17 கேஜ் எனாமல் காப்பர் கடையிலேயே இருந்தது. மொத்தம் 7.1 மீட்டர், நடுவில் வெட்டி இரண்டு கை, கையொன்றுக்கு 3.55 மீட்டர். நடுவிலிருந்து கேபிள் டி.வி. ஒயர், 75 ஓம்ஸ் என்பதால் இந்த ஆன்டெனாவுக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும், மீட்டர் 20 ரூபாய். ரேடியோவோடு வரும் குச்சி ஆன்டெனாவை மறந்துவிடுங்கள், அது பண்பலை கேட்க.

மாடியில் கேட்டது என்னவென்றால் கொருக்குப்பேட்டை. கூட்ஸ் யார்டில் இன்ஜின் நகர்ந்தால் மேலே 25,000 வோல்ட் ஒயரில் பொறி தட்டுகிற சத்தம். எதிர்வீட்டு எல்.இ.டி. டியூப் கொர்ர். இரண்டு மாடி தள்ளி எவனோ செல்போன் சார்ஜரைச் சொருகினால் கிர்ர். இன்வெர்ட்டர் ஒரு ராகம். மூன்றாம் நாள் ராத்திரி பத்தரைக்கு, அலை மாதிரி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, புத்தகத்தில் எழுதினதைப் போலவே ஒரு சத்தம் வந்தது. நான் கீழே ஓடிப்போய் எல்லாரையும் எழுப்பினேன். மகள் வந்து ஹெட்போனைக் காதில் வைத்து, கண்ணை மூடி, தெருவை எட்டிப் பார்த்தாள். மார்கழி. தெருமுனை அம்மன் கோயிலில் சீரியல் லைட் போட்டிருந்தார்கள். பச்சை ஏறி இறங்க, நம் காதில் அலை ஏறி இறங்கியது. பதினோரு மணிக்கு பூசாரி சுவிட்சை அணைத்தார், வியாழனும் அணைந்தது. மேரிலாந்தில் வியாழனை வண்டி என்று நினைத்தார்கள், கொருக்குப்பேட்டையில் சீரியல் செட்டை வியாழன் என்று நினைத்தேன். என் மனைவி இதை இன்னும் யார் வந்தாலும் சொல்கிறாள்.

ரேடியோ மேல் தப்பில்லை. இடம் தப்பு. ஆகவே பழவேற்காடு ஏரி.

ஒரு சனிக்கிழமை ராத்திரி கடை குட்டியானையில் நான், மகள், கடைப் பையன். இரண்டு சவுக்குக் கம்பு, ஒயர், ஃபிளாஸ்க்கில் டீ, கொசுவர்த்தி. மீஞ்சூருக்கு முன்னால் அனல் மின் நிலையத்து 400 கே.வி., அதாவது நாலு லட்சம் வோல்ட் லைன் ரோட்டைத் தாண்டுகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். பனியில் அந்த லைன் ஸ்ஸ்ஸ் என்று பேசிக்கொண்டிருந்தது. ரேடியோவைப் போட்டால் டயல் முழுக்க அதே பேச்சு, ஒரு நம்பர் மிச்சமில்லை. “இதான் ஐயோவோட வோல்டேஜ்” என்றேன் பையனிடம். “இதுக்கா அண்ணே அவ்ளோ தூரம் போறோம்? இங்கியே கேட்டுக்கலாமே” என்றான்.

ஏரிக்கரையில் ஊரைத் தாண்டி இடம் பிடித்தபோது மணி ஒன்று. கம்பு நட்டு, பத்தடி உயரத்தில் ஒயரைக் கிழக்கு மேற்காகக் கட்டினோம். வியாழன் மிதுனத்தில், கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேலே, பக்கத்தில் இருந்த இரண்டு நட்சத்திரங்களையும் மங்க வைத்துக்கொண்டு. நம் ஊருக்கு இது அதிர்ஷ்டம். ஐரோப்பாக்காரனுக்கு இவ்வளவு உச்சிக்கு வராது. நடுராத்திரி தாண்டித்தான் போக வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. நாம் இருப்பது பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம், அது திருநெல்வேலி பக்கமாகப் போகிறது. சாயங்காலத்தில் நம் தலைக்கு மேல் அயனி மண்டலம் அவ்வளவு தடியாக இருக்கும், 20 மெகாஹெர்ட்ஸில் உலகத்து ஸ்டேஷன் எல்லாம் அதில் பட்டுத் திரும்பி வந்து காதை அடைக்கும். பின்னிரவில் அது மெலிந்ததும் பூமிச் சத்தம் அடங்கி, மேலே வாசல் திறக்கும்.

மகளின் அட்டவணைப்படி இரண்டே கால் முதல் மூன்றரை வரை வாய்ப்பு. அந்த நேரம் ஐயோ நமக்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்காது. கிழக்கே ஒதுங்கி நிற்கும். ரேடியோ அலை நேராக வராமல், குல்பி அச்சின் தகரம் மாதிரி உள்ளே வெற்றாக, ஓட்டில் மட்டும் விரிந்து வருகிறது. அந்தத் தகரம் நம்மைக் கடக்கிற நேரம்தான் நமக்குக் கேட்கும். வியாழனின் எந்தப் பக்கம் நம்மைப் பார்க்கிறது என்பதும் கூடிவர வேண்டும். முகூர்த்தம் பார்க்கிற மாதிரிதான்.

இரண்டரை வரை வெறும் ஸ்ஸ். வேறெங்கோ மின்னல் வெட்டினது டப் டப் என்று. தூரத்து ரேடார் ஒன்று கொர்ரென்று வந்து போனது. பையன் வண்டியில் தூங்கிவிட்டான். இரண்டு ஐம்பதுக்கு ஸ்ஸ் கொஞ்சம் வீங்கியது. அடங்கியது. மறுபடி வீங்கியது, இந்தத் தடவை பெரியதாக. நான் பேசவில்லை, சீரியல் லைட் ஞாபகம் இருக்கிறதே. மகள் டயலைத் திருப்பினாள், 20,050, 20,150, 20,200 கிலோஹெர்ட்ஸ். எங்கே வைத்தாலும் கூடவே வந்தது, ஸ்டேஷன் என்றால் ஒரே இடத்தில் நிற்கும். ஒயரைப் பிடுங்கினாள், போய்விட்டது. சொருகினாள், வந்தது. கண்ணுக்கெட்டின தூரத்தில் விளக்கு இல்லை, அம்மனும் இல்லை.

வலை எடுக்கப் போய்க்கொண்டிருந்த மீனவர் ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். ராத்திரி மூன்று மணிக்கு ஏரிக்கரையில் ஒயர் கட்டி ஹெட்போன் போட்டவனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். விஷயத்தைச் சொல்லி ஹெட்போனை நீட்டினேன். கேட்டார். “அலை அடிக்கிற மாதிரி கீது. ஆனா நம்ம கடல் இல்ல. நம்ம கடலுக்கு இவ்ளோ அவசரம் கெடயாது” என்றார். வியாழனைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அங்க மீனு கீதா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் படகுக்குப் போனார். அந்த அலை கிளம்பி 35 நிமிஷம் ஆகியிருக்கும். கிளம்பினபோது அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.

பதினோரு நிமிஷம். கடைசியில் ஒரு இருபது நொடி பொரி வறுக்கிற மாதிரி படபடவென்று வெடித்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. மூன்றரை வரை உட்கார்ந்தோம், கொசுதான் வந்தது. வியாழன்தானா என்று கேட்டால், அலைச் சத்தத்துக்கு என் பதில் தொண்ணூறு சதவீதம். அந்த இருபது நொடிக்கு அறுபது. பொரி மாதிரி சத்தம் லூஸ் கனெக்‌ஷனிலும் வரும், எனக்கு அது தினசரி சோறு.

இனி குறை. முக்கியமானது ஏ.ஜி.சி. சத்தம் ஏறினால் ரேடியோ தானாகவே குறைத்துவிடும், இறங்கினால் ஏற்றிவிடும். பாட்டுக்கு நல்லது. நமக்கு வேண்டியதே அந்த ஏற்ற இறக்கம், அதை இஸ்திரி போட்டுத் தட்டையாக்கிவிடுகிறது. அணைக்க வழியில்லை. டப்பாவில் “மேனுவல் கெயின்”, அதாவது கையாலேயே ஏற்றி இறக்கலாம் என்று அச்சடித்திருந்தது, உள்ளே அப்படி ஒரு பட்டன் கிடையாது. திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரத் தம்பி டப்பாவைப் பார்த்து, ரேடியோவைப் பார்த்து, “டப்பா வேற மாடல் அண்ணே, ரேடியோ நல்ல ரேடியோ” என்றான். பணம் திரும்ப வராது என்பது வாங்கும்போதே தெரிந்ததுதான், ஆனாலும் அந்தப் பதிலுக்கு 500 ரூபாயாவது குறைத்திருக்க வேண்டும்.

வெளி ஆன்டெனா சொருகினால் ஊருக்குள் மீடியம் வேவ் ஸ்டேஷன் இருக்கக் கூடாத இடமெல்லாம் எட்டிப் பார்க்கிறது. பழவேற்காட்டில் அந்தத் தொல்லை இல்லை. கூடவே வருகிற சார்ஜரைத் தூக்கி எறியுங்கள், அதுவே ஒரு இரைச்சல் ஸ்டேஷன். பேட்டரியில் மட்டும் கேளுங்கள். பேட்டரி மூடிக்கு நான் சைக்கிள் டியூப் வெட்டிப் போட்டேன். பேட்டரி ஒரு ராத்திரி முழுக்கத் தாங்குகிறது, அதில் ஏமாற்றவில்லை. டயல் ஒரு கிலோஹெர்ட்ஸ்கூட நகராமல் நிற்கிறது. காதுக்குள் போகிற ஒலி சுத்தம்.

ஐந்துக்கு மூன்றரை. மேனுவல் கெயின் இருந்திருந்தால் நாலரை. இதையே பழைய மேசை ரிசீவர் கிடைத்தால் வாங்குங்கள், அதில் ஏ.ஜி.சி. சுவிட்ச் தனியாக இருக்கும். மூர் மார்க்கெட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சுற்றினால் எப்போதாவது கண்ணில் படும். பன்னிரண்டாயிரத்துக்குக் குறைந்து நான் பார்க்கவில்லை.

அடுத்த தோதான ராத்திரி எது என்று மகள் அட்டவணை போட்டு வைத்திருக்கிறாள். குட்டியானையில் பின்னால் நாலு பேர் உட்காரலாம். வருகிறவர்கள் ஹெட்போன் அவரவர் கொண்டு வாருங்கள், கொசுவர்த்தி நான் வாங்கிவிடுகிறேன். எல்.இ.டி. டார்ச் மட்டும் வேண்டாம், அதுவும் பாடும்.